யார் இந்த சுப்பாராவ்? ரத்தப் புற்றுநோய் மருந்துக்கு வழி திறந்த சென்னை மாணவர்

சிவகாசி, சாத்தூர் பக்கம் தயாராகும் தீப்பெட்டியில், குச்சியை உரசும் பட்டையில் இருப்பது சிவப்பு பாஸ்பரஸ். அதே பாஸ்பரஸ் வேறு வடிவில் நம்ம ரத்தத்திலும் தசையிலும் இருக்கு. ரத்தத்தில் அது எவ்வளவு என்று அளக்க 1925-ல் எளிய வழி தந்த இருவரில் ஒருவர், எல்லாப்பிரகட சுப்பாராவ்.

மூன்றாவது முயற்சியில் மெட்ரிக்

1895 ஜனவரி 12-ல், அன்றைய சென்னை மாகாணத்தின் பீமவரத்தில் பிறந்தார். மெட்ரிக் தேர்வில் தேறியது மூன்றாவது முயற்சியில்தான். ஸ்ப்ரூ என்ற குடல் நோய்க்குச் சகோதரர்கள் இருவரை அடுத்தடுத்து இழந்தார். சென்னை மருத்துவக் கல்லூரியில் கதர் அணிந்ததால் ஆங்கிலேயப் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளானார். எம்பிபிஎஸ் கிடைக்கலை, எல்எம்எஸ் பட்டம்தான் கிடைச்சது.

ஹார்வர்டில் என்ன செய்தார்?

பாஸ்டனில் மருத்துவமனை இரவுப் பணி பார்த்தபடியே ஆராய்ச்சிக்குள் நுழைந்தார். சைரஸ் ஃபிஸ்கேவுடன் சேர்ந்து உருவாக்கியதுதான் அந்த பாஸ்பரஸ் அளவீட்டு முறை. அதை வைத்தே பாஸ்போகிரியேட்டினையும், செல்லின் எரிபொருளான ஏடிபியையும் பிரித்தெடுத்தார்கள். ஆனாலும் ஹார்வர்டில் நிரந்தர வேலை அமையவில்லை.

1940-ல் லெடர்லி மருந்து நிறுவனத்துக்குப் போனார். அவருடைய குழு 1945-ல் ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரித்தது. அது ஸ்ப்ரூவுக்கும் மருந்தானது. கர்ப்பிணிகளுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் தரும் சத்து மாத்திரையில் இருப்பதும் அதுதான்.

மருந்து எப்படி வேலை செய்யுது?

ஃபோலிக் அமிலத்தை டிஹெச்எஃப்ஆர் என்ற நொதி, அதாவது என்சைம், மாற்றித் தந்தால்தான் செல் புதிய டிஎன்ஏ செய்ய முடியும். லெடர்லி குழு தயாரித்த அமினோப்டெரின், பார்க்க ஃபோலிக் அமிலம் மாதிரியே இருக்கும். நொதி ஏமாந்து அதைப் பிடித்துக்கொள்ளும், வேலை நின்றுவிடும். வேகமாகப் பெருகும் புற்றுநோய் செல்லுக்கு இதுதான் பெரிய அடி.

சிட்னி ஃபார்பர் இதை ரத்தப் புற்றுநோய் வந்த 16 குழந்தைகளுக்குக் கொடுத்தார். 10 பேருக்கு, தற்காலிகமாகத்தான் என்றாலும், முன்னேற்றம் தெரிந்தது. அதுவரை அந்த நோய்க்கு மருந்தே கிடையாது. அமினோப்டெரினின் உடன்பிறப்புதான் இன்று புற்றுநோய்க்கும் முடக்குவாதத்துக்கும் தரப்படும் மெத்தோட்ரெக்ஸேட்.

ஒரு எச்சரிக்கை: முடக்குவாதத்துக்கு இது வாரம் ஒருமுறை எடுக்கும் மாத்திரை. தவறுதலாக தினமும் போட்டால் உயிருக்கே ஆபத்து. வீட்டில் யாராவது எடுத்துக்கிட்டா, சீட்டை ஒருமுறை சரிபாருங்க.

இன்றைய ஆய்வகத்தில்

மனித டிஹெச்எஃப்ஆர் மரபணுவை ஈ.கோலை பாக்டீரியாவில் செருகி, அந்த நொதியையே தயாரிக்கிறார்கள். இதற்குப் பெயர் ரீகாம்பினன்ட் புரதம். புதிய மருந்து இந்த நொதியைத் தடுக்கிறதா என்பதை, நோயாளியைத் தொடாமல், சோதனைக் குழாயிலேயே பார்த்துவிடலாம்.

இதையெல்லாம் சுப்பாராவ் பார்க்கவில்லை. ஃபார்பரின் முடிவுகள் வெளியான 1948-லேயே, ஆகஸ்ட் மாதம், 53 வயதில் இறந்துபோனார். நோபல் பரிசும் கிடைக்கலை. அவர் திறந்த வழியில்தான் குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய் சிகிச்சை இன்றும் போய்க்கொண்டிருக்கிறது.