பிரெடரிக் வின்ஸ்லோ டெய்லர்

மேல்நிலைப் பள்ளியில் வணிகவியல் பயின்று கல்லூரி புகுந்த நண்பர் யாவரும் டெய்லர் என்னும் பெயரை அறிவர். மேலாண்மைத் தத்துவங்கள் என்னும் பாடத்தில் அவர் பெயர் தவறாது இடம்பெறும். தேர்வுக்கு முந்திய இரவில் அவர் வகுத்த நெறிகள் நான்கினையும் மனப்பாடஞ் செய்து, விடைத்தாளில் எழுதி, மறுநாளே மறந்துவிடுவார் நம்மிற் பலர். அந்நான்கு வரிகளுக்குப் பின்னே ஒரு மனிதரின் கண்ணொளியும் உழைப்பும், பல்லாயிரந் தொழிலாளரின் வியர்வையும் வெகுளியும் உள்ளன என்பதை எண்ணுவார் சிலரே. ஆதலின் அவர் வரலாற்றைச் சுருங்கக் கூற விரும்புகின்றோம்.

இளமையும் கல்வியும்

டெய்லர் அமெரிக்க நாட்டுப் பிலடெல்பியா நகரைச் சார்ந்த ஜெர்மன்டவுன் என்னுமிடத்தில் 1856-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 20-ஆம் நாள் பிறந்தார். குவேக்கர் மரபிற் றோன்றிய செல்வக் குடும்பம் அவருடையது. தந்தையார் வழக்கறிஞர், அன்னையார் அடிமை ஒழிப்புக்கு உழைத்த பெருமாட்டி. இளமையில் அன்னையாரிடமே கல்வி கற்ற டெய்லர், பின்னர்ப் பெற்றோருடன் ஐரோப்பா சென்று பிரெஞ்சு, ஜெர்மானிய மொழிகளைப் பயின்றார்.

மகனைத் தம்மைப் போலவே வழக்கறிஞனாக்க விரும்பினார் தந்தையார். அதன் பொருட்டு 1872-ஆம் ஆண்டில் டெய்லர் பிலிப்ஸ் எக்சிட்டர் என்னும் புகழ்வாய்ந்த உயர்நிலைப் பள்ளியிற் சேர்ந்து, ஹார்வர்டுப் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வுக்கு ஆயத்தமாகலானார். அங்கே கணிதம் கற்பித்தவர் வெண்ட்வொர்த் என்பார். அவர் வகுப்பிற் கணக்குகளைக் கொடுத்து, மாணாக்கர் முடித்தமைக்குச் சைகை காட்டுங்கால் கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைக் குறித்துக்கொள்வார். நடுத்தர மாணாக்கன் ஒருவன் குறித்த பொழுதில் எத்துணைக் கணக்குச் செய்யக்கூடும் என்று அதனால் அளந்து வீட்டுப்பாடம் வரையறுப்பார் என்பர். மாணாக்கப் பருவத்திற் கண்ட இவ்வளவை முறையே பிற்காலத்தில் உலகத் தொழிற்சாலைகளிலெல்லாம் பரவிய நேர ஆய்வுக்கு வித்தாயிற்று எனில் மிகையாகாது.

வகுப்பில் முதன்மை பெறவேண்டுமென்ற வேட்கையால் டெய்லர் இரவு நெடுநேரம் விளக்கொளியிற் கண்விழித்துப் படித்தார். 1874-ஆம் ஆண்டில் நுழைவுத் தேர்விற் சிறப்புடன் தேறினார், ஆனாற் கண்கள் பழுதுற்றன, தலைநோவும் வருத்தியது. வாயில் திறந்திருந்தும் ஹார்வர்டினுள் அவர் அடிவைக்க இயலவில்லை.

பட்டறை வாழ்வு

ஏட்டைத் தொடலாகாதென்ற நிலையில் டெய்லர் சோம்பியிருக்கவில்லை. அவ்வாண்டிலேயே பிலடெல்பியாவில் நீரேற்றுப் பொறி செய்யும் பட்டறையொன்றில் தொழில் பழகுநராய்ச் சேர்ந்தார். செல்வர் வீட்டுப் பிள்ளை அச்சுச் செய்வோரோடும் கடைசற்காரரோடும் கைகறுக்க உழைத்தார். ஓய்வினாற் கண்கள் தேறிய பின்னும் அவ்வாழ்வை விட்டிலர். 1878-ஆம் ஆண்டில் மிட்வேல் எஃகுச் சாலையிற் சாதாரணக் கூலியாளாய் நுழைந்து, கணக்கர், கடைசற்காரர், மேஸ்திரி எனப் படிப்படியாய் உயர்ந்து, ஆறே ஆண்டுகளில் தலைமைப் பொறியாளரானார். பகலில் வேலையும் இரவிற் படிப்புமாயிருந்து 1883-ஆம் ஆண்டில் ஸ்டீவன்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் இயந்திரப் பொறியியற் பட்டமும் பெற்றார். இதற்கிடையே 1881-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டு டென்னிசு இரட்டையர் ஆட்டத்திற் கிளாரன்ஸ் கிளார்க்குடன் வெற்றி வாகையுஞ் சூடினார்.

மேஸ்திரியான பின்னர் அவருக்குப் பெருஞ் சோதனை வந்தது. தொழிலாளர் தம்மாலியன்ற அளவு வேலை செய்யாமல் வேண்டுமென்றே கை தாழ்த்தி வந்ததை அவர் கூலியாளாயிருந்த காலத்திலேயே அறிவார். அதன் காரணமும் அறிவார். மிகுதியாய்ச் செய்தால் முதலாளி உருப்படிக் கூலியைக் குறைத்துவிடுவான் என்னும் அச்சமே அது. மூன்றாண்டுகள் தொழிலாளரோடு போராடி டெய்லர் வென்றார். ஆயினும் எதிர்ப்பட்ட முகத்திலெல்லாம் பகைமையே கண்ட அவ்வெற்றி அவருக்குக் கசந்தது. ஒருவன் ஒரு நாளிற் செய்யத்தக்க நியாயமான வேலை யாதென இரு திறத்தாரும் அறியாமையே பூசலுக்கு வேர் எனக் கருதி, அதனை அளந்து காண முற்பட்டார்.

ஆராய்ச்சிகள்

உலோகத்தைக் கடையும் வேகத்தைப் பற்றி 1880-ஆம் ஆண்டளவில் அவர் தொடங்கிய சோதனைகள் 26 ஆண்டுகள் நீடித்தன. அவற்றின் தொகை 30,000-க்கு மேற்படும். 8,00,000 ராத்தல் இரும்பும் எஃகும் சீவல்களாயின. பெத்லெகேம் எஃகுச் சாலையில் மான்சல் ஒயிட் என்பாருடன் கூடி அவர் கண்ட விரைவெஃகு 1900-ஆம் ஆண்டுப் பாரிசுப் பொருட்காட்சியிற் காண்போரை வியப்பில் ஆழ்த்தியது.

மண்வாரி கொண்டு அள்ளுதலையும் அவர் எளிய வேலையென்று இகழவில்லை. அங்கே ஒரே வகை மண்வாரியாற் பொடிக்கரியை அள்ளின் மூன்றரை ராத்தலும், இரும்புத்தாதுவை அள்ளின் 38 ராத்தலும் வந்தன. சோதித்துப் பார்த்து, ஒரு வாரலுக்கு 21 ராத்தலே தக்கது எனக் கண்டார். பொருளுக்கேற்ற அளவில் வெவ்வேறு மண்வாரிகளை அமைத்தார். முன் நானூறு முதல் அறுநூறு பேர் செய்த வேலையை 140 பேர் முடித்தனர். இன்னாரே இவ்வினைக்குரியார் எனத் தேர்ந்து ஒப்படைத்தலை வள்ளுவர் தெரிந்து வினையாடல் என்னும் அதிகாரத்திற் கூறினார். டெய்லரோ வினைக்குரிய கருவியையும் அளந்து கொடுத்தார் எனலாம்.

தம் கொள்கைகளைத் திரட்டி 1911-ஆம் ஆண்டில் அறிவியல் முறை மேலாண்மையின் நெறிகள் என்னும் நூலை வெளியிட்டார். பழக்கவழியை விடுத்து ஒவ்வொரு வேலையையும் அறிவியலால் ஆராய்தல், தொழிலாளரை ஆராய்ந்து தேர்ந்து பயிற்றுதல், அவரோடு ஒத்துழைத்தல், பொறுப்பை நிர்வாகமும் தொழிலாளரும் பகிர்ந்துகொள்ளுதல் என்பனவே நாம் மனப்பாடஞ் செய்யும் அந்நான்கு நெறிகள்.

எதிர்ப்பு

அந்நூலில் அவர் பெரிதும் எடுத்துக்காட்டுவது ஷ்மிட் என்னும் தொழிலாளியின் கதை. 92 ராத்தல் எடையுள்ள வார்ப்பிரும்புப் பாளங்களைச் சுமந்து வண்டியிலேற்றுவது அவன் வேலை. நாளொன்றுக்குப் பன்னிரண்டரை டன் ஏற்றியவன், டெய்லரின் முறையால் 47 டன் ஏற்றினான். கூலி ஒரு டாலர் 15 சென்டிலிருந்து ஒரு டாலர் 85 சென்டாயிற்று. இக்கதையில் மிகைபடக் கூறியவை பல என்று பிற்கால ஆராய்ச்சியாளர் காட்டியுள்ளனர். கதையை அப்படியே கொள்ளினும் ஒரு வினா எழுகின்றது. வேலை ஏறத்தாழ நான்கு மடங்காகக் கூலி இரு மடங்கேனும் ஆகாதது ஏன்? மேலும், அத்தொழிலுக்கு உரியவனை எருதினோடு ஒப்பிட்டு எழுதினார் டெய்லர். ஹென்றி நோல் என்னும் இயற்பெயருடைய அம்மனிதனோ வேலை முடித்து வீடு திரும்பித் தனக்கென ஒரு வீடு கட்டிக்கொண்டிருந்தான் என்று அந்நூலே கூறுகின்றது. எருது தனக்கு வீடு கட்டுமோ?

தொழிலாளர் இதனை உணர்ந்தனர். 1911-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் வாட்டர்டவுன் படைக்கலச் சாலையில், நிறுத்துகடிகாரங் கொண்டு தம்மை அளப்பதை எதிர்த்து வார்ப்படத் தொழிலாளர் வேலைநிறுத்தஞ் செய்தனர். அமெரிக்கப் பேரவை விசாரணைக் குழு அமைத்தது. 1912-ஆம் ஆண்டில் டெய்லர் அதன்முன் பன்முறை சான்று கூறினார். மனமாற்றமே தம் முறையின் உயிர் என்றும், கடிகாரம் வெறுங் கருவியே என்றும் அவர் வற்புறுத்தினார். ஆனாற் கருவியை ஏற்ற முதலாளிகள் பலர் மனமாற்றத்தை ஏற்றிலர். அரசாங்கப் படைக்கலச் சாலைகளில் அக்கடிகாரத்தைப் பயன்படுத்துதல் 1915-ஆம் ஆண்டில் விலக்கப்பட்டது.

முடிவு

அவ்வாண்டு மார்ச்சுத் திங்கள் 21-ஆம் நாள், தம் ஐம்பத்தொன்பதாம் பிறந்தநாளின் மறுநாள், நுரையீரற் சளிச்சுரத்தால் டெய்லர் பிலடெல்பியாவில் உயிர் நீத்தார்.

டெய்லரை முற்றும் புகழ்தலும் முற்றும் இகழ்தலும் எமக்கு உடன்பாடல்ல. உழைப்பின் வீணைக் குறைத்தால் முதலாளியும் தொழிலாளியும் ஒருங்கே செழிப்பர் என அவர் உள்ளன்போடு நம்பினார். இளைப்பாறுதலும் வேலையின் ஒரு கூறே என்று கண்டு, ஓய்வுக்கும் நேரம் வகுத்தார். அளவிறந்த படிப்பாற் கண் கெட்ட மாணாக்கர் அவர். மனித ஆற்றலுக்கு ஓரெல்லை உண்டென்பதை அவரினும் நன்கறிந்தார் யார்? ஆயினும் அவ்வெல்லையை அளக்கும் உரிமையை உழைப்பவனிடம் அவர் விட்டிலர். அங்கேதான் அவர் வழுவினார் என்பது எம் கருத்து.

வணிகவியல் தேர்வெழுதும் இளைய நண்பர்காள்! அந்நான்கு நெறிகளையும் நன்கு கற்று மதிப்பெண் பெறுவீராக. நாளை நும்மிற் பலர் பிறரை வேலை வாங்கும் பதவியில் அமர்வீர். அன்று நும் முன் நிற்பவன் மாலையில் வீடு திரும்பித் தனக்கென ஒரு சுவர் எழுப்புகின்றவன் என்பதையும் அந்நெறிகளோடு சேர்த்து நினைவிற் கொள்வீராக. நும் கண்களையும் இரவு விளக்கினின்று காத்துக்கொள்வீராக.