மண்ணைக் காக்க விண்ணை நாடியவர்

திருவனந்தபுரத்தை அடுத்த தும்பா, ஒரு காலத்தில் யாரும் அதிகம் அறியாத மீனவர் கிராமம். அதனை இந்திய விண்வெளி ஆராய்ச்சியின் பிறப்பிடமாக்கிய பெருமை டாக்டர் விக்ரம் சாராபாய் அவர்களைச் சாரும். அன்னாரின் வாழ்வைச் சற்று நோக்குவோம்.

1919 ஆகஸ்டு 12-ஆம் நாள் அகமதாபாத்தில் செல்வக் குடும்பத்தில் அவர் பிறந்தார். தந்தையார் அம்பாலால் ஆலை அதிபர், தாயார் சரளாதேவி. கேம்பிரிட்ஜில் பயின்ற அவர், பெங்களூரில் சர் சி.வி. ராமனிடம் காஸ்மிக் கதிர்களை ஆராய்ந்தார். 1947-இல் டாக்டர் பட்டம் பெற்று, அவ்வாண்டிலேயே அகமதாபாத்தில் இயற்பியல் ஆராய்ச்சிக் கூடத்தை நிறுவினார்.

பூமியின் காந்த நடுக்கோடு தும்பாவின் அருகே செல்கிறது. ஆகவே மேல்வளி மண்டலத்தை ஆராய அவ்விடமே ஏற்றது எனக் கண்டார். ஆனால் அங்கே புனித மரிய மதலேனாள் ஆலயம் இருந்தது. சுற்றிலும் மீனவர் இல்லங்கள். சாராபாய், ஆயர் பீட்டர் பெர்னார்டு பெரைரா அவர்களை அணுகினார். ஆயர் பங்கு மக்களிடம் எடுத்துரைத்தார், மக்களும் இசைந்தனர். காலங்காலமாக மன்றாடிய ஆலயத்தையும் குடியிருந்த வீட்டையும் விட்டுக்கொடுப்பது எளிதா? ஆலயமே விஞ்ஞானிகளின் முதல் அலுவலகமாயிற்று. ராக்கெட்டின் பாகங்கள் சைக்கிளில் சென்றன. 1963 நவம்பர் 21-இல் முதல் ராக்கெட் விண்ணில் பாய்ந்தது. இன்று அவ்வாலயம் விண்வெளி அருங்காட்சியகமாக விளங்குகிறது.

ஏழை நாட்டிற்கு விண்வெளி எதற்கு எனப் பலர் வினவினர். வல்லரசுகளோடு போட்டியிட அன்று, எளிய மக்களின் துன்பம் துடைக்கவே விண்வெளி அறிவியல் வேண்டும் என்பது அவர் கொள்கை. 1970-இல் அவரது ஊக்கத்தால் அறிஞர் பிஷாரடி குழுவினர் ஹெலிகாப்டரில் பறந்து, கேரளத் தென்னந்தோப்புகளை அகச்சிவப்புக் கதிரில் படமெடுத்தனர். நலமான ஓலை அக்கதிர்களை மிகுதியாகத் திருப்பி அனுப்பும். நோயுற்ற ஓலை அவ்வாறு செய்யாது. எனவே வேர்வாடல் நோய் கண்ட மரங்கள் படத்தில் வேறு நிறமாகத் தெரிந்தன. உயரே இருந்து மண்ணின் நலம் காணும் முயற்சிக்கு நம் நாட்டில் இதுவே தொடக்கம்.

1971 டிசம்பர் 30-இல் கோவளத்தில் அவர் உயிர் பிரிந்தது, வயது 52. நம் நாட்டின் செயற்கைக்கோள் ஒன்றையும் அவர் காணவில்லை. 1979-இல் பாஸ்கராவும், 1988-இல் ஐ.ஆர்.எஸ். 1ஏ கோளும் சோவியத் மண்ணிலிருந்து ஏவப்பட்டு, நம் காடுகளையும் நீர்நிலைகளையும் நோக்கின. இன்று கடல்நீரின் வெப்பத்தையும் நிறத்தையும் கோள்கள் அளக்க, மீன் திரளும் இடங்கள் மீனவருக்கு அறிவிக்கப்படுகின்றன.

ஆயினும் 2017-இல் ஒக்கிப் புயல் வீசியபோது, முன்பே ஆழ்கடல் சென்றிருந்த குமரி, திருவனந்தபுரம் மீனவர் பலருக்கு எச்சரிக்கை எட்டவில்லை. ஆலயத்தை ஈந்த அதே கடற்கரையில் அழுகுரல் எழுந்தது. விண்ணில் உள்ள கண் கண்டதைக் கடலில் உள்ள கடைசிப் படகுக்கும் சேர்ப்பித்தால்தான் சாராபாயின் கனவு நிறைவுறும். அறிவியல் பயிலும் நாம் அப்பணிக்கு நம்மை ஆயத்தப்படுத்துவோம். அவருக்கும் அம்மக்களுக்கும் நாம் செலுத்தும் நன்றி அதுவே.