மழையில் சென்ற மூதறிஞர்

பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பம் ஒன்றில் நடந்த மருத்துவ முகாமில், நாற்பது வயதைத் தாண்டாத மீனவர் ஒருவரைப் பார்த்தேன். கண்கள் மஞ்சளித்திருந்தன, வயிற்றில் நீர் கோத்திருந்தது. தமக்குரிய பாட்டுக்கு வலையெடுத்துச் சென்று ஓராண்டாகிவிட்டது என்றார். வெட்டினாலும் வளரும் உறுப்பு கல்லீரல் என்கிறார்களே, தம்முடையது ஏன் வளரவில்லை என்று கேட்டார். திரும்பும் வழியெல்லாம், ஏனோ, ராஜாஜியின் நினைவே எனக்கு வந்தது.

ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் 1878-இல் பிறந்த அவர், சேலத்தில் பேர்பெற்ற வழக்கறிஞராக இருந்தவர். தொழிலைத் துறந்து, 1925-இல் திருச்செங்கோட்டுக்கு அருகே புதுப்பாளையத்தில் ஆசிரமம் அமைத்தார். கூலி முழுவதும் கள்ளுக்கடைக்குப் போவதை அங்கேதான் அன்றாடம் கண்டார். 1929-இல் மதுவிலக்குக்கென்றே ‘விமோசனம்’ என்ற இதழைத் தொடங்கினார். கல்கி அதில் அவருக்குத் துணை நின்றார்.

1937-இல் சென்னை மாகாணப் பிரதமரானதும், அக்டோபர் 1 அன்று சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தார். இழந்த வருவாயை ஈடுகட்ட 1939-இல் விற்பனை வரி பிறந்தது. இன்று அந்த வகை வரியும் உண்டு, மது வருவாயும் உண்டு! அன்று செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்திருந்த பழவேற்காட்டுக்கு அவருடைய முதல் திட்டம் எட்டவில்லை. மாகாணம் முழுவதும் மதுவிலக்கு வந்தது 1948-இல், ஓமந்தூரார் காலத்தில்.

ராஜாஜி கண்டது குடிப்பவரின் வீட்டை. கல்லீரலின் உள்ளே நடப்பதை அன்றைய மருத்துவமே சரியாக அறிந்திருக்கவில்லை. சத்துக் குறைவே குடிகாரரின் கல்லீரலைக் கெடுக்கிறது என்று மருத்துவர் பலர் நம்பினர். சார்லஸ் லீபர் 1970-களில் பபூன் குரங்குகளுக்குச் சத்துணவோடு மதுவும் கொடுத்து, மதுவே நஞ்சு என்று காட்டினார்.

கல்லீரலின் பெரும்பகுதியை அகற்றினாலும், எஞ்சிய உயிரணுக்கள் பிரிந்து பெருகி இழந்த எடையை மீட்கும். ஆனால் பிரியச் சொல்லி இன்சுலினும் வளர்ச்சிக் காரணிகளும் அனுப்பும் சேதி உயிரணுவின் காதில் விழ வேண்டும். நாள்தோறும் மது பாயும் கல்லீரலில் அந்தச் சேதி மங்குகிறது. மது சிதைந்து உண்டாகும் அசிட்டால்டிஹைடு புரதங்களோடு ஒட்டி அவற்றின் வேலையைக் கெடுக்கிறது. உயிரணு பிரிய முடியாமல் நின்றுவிடுகிறது. அதே வேளையில், நட்சத்திர வடிவ உயிரணுக்களுக்குத் தழும்புத் திசுவை உண்டாக்கும் சேதி மட்டும் உரத்துக் கேட்கிறது. வளர வேண்டியது நிற்க, தழும்பு வளர்கிறது.

ராஜாஜியின் எல்லா முடிவுகளும் எனக்கு உடன்பாடானவை அல்ல. 1953-ஆம் ஆண்டின் கல்வித் திட்டம் பெரும்பிழை. மதுவிலக்கும் கள்ளச்சாராயத்தை ஒழித்துவிடவில்லை. ஆயினும் 1971-இல் கடைகள் மீண்டும் திறக்கப்பட இருந்த நேரத்தில், தொண்ணூறு வயதைக் கடந்த அவர் கொட்டும் மழையில் முதலமைச்சர் கருணாநிதியின் வீட்டுக்கே சென்று, வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். கடைகள் திறந்தன. 1972 டிசம்பர் 25 அன்று அவர் மறைந்தார்.

அந்த மீனவரிடம் நான் இவ்வளவையும் சொல்லவில்லை. இந்த நிலையில் நிறுத்தியவர்களும் பல ஆண்டுகள் வாழ்ந்ததுண்டு என்று மட்டும் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்த அவருடைய மனைவி, கடை எத்தனை தூரத்தில் இருக்கிறது என்று கையை நீட்டிக் காட்டினார்.