தந்தியும் துளியும் வைரமும்: சேர் சி. வி. இராமன்

சேர் சந்திரசேகர வெங்கட இராமன் என்ற அளவில் எம் மாணவர் ஒப்புவிப்பவை இரண்டு. ஒன்று 1928ஆம் ஆண்டு பெப்ரவரி 28ஆம் நாள். மற்றது 1930இல் அவர் பெற்ற நோபல் பரிசு. இரண்டும் உண்மையே. ஆயினும், அறுபது ஆண்டுக்கு மேலாக ஆராய்ச்சியையே மூச்சாகக் கொண்டிருந்த ஒருவரை ஒரு நாளுள்ளும் ஒரு பரிசுள்ளும் அடக்கிவிடுதல், கம்பனைக் கடவுள் வாழ்த்தோடு மூடிவைத்தலை ஒக்கும். ஒளியை ஆராய்ந்தவர் என்று மட்டும் அவரை அறிந்தோர், தந்தியையும் தோலையும் நீர்த்துளியையும் வைரத்தையும் தட்டியும் அழுத்தியும் பார்த்திருந்த இராமனை அறியார். ஒரு பொருளை நெருக்கினால் எவ்வளவு நெருங்கும், வளைத்தால் எங்ஙனம் மீளும், அசைத்தால் எங்ஙனம் அதிரும் என்னும் வினாக்களே அவர் உள்ளத்தை முதலிலும் முடிவிலும் பற்றி நின்றன. விஞ்ஞானத்தை முறையாகப் பயிலாத தமிழாசிரியன் இதனை எழுதப் புகுவது துணிபுதான். மிருதங்கத்தைப் பற்றி அவர் எழுதிய கட்டுரையொன்றை விஞ்ஞான ஆசிரிய நண்பர் ஒருவர் எனக்கு விளக்கிய நாள் தொட்டு இவ்வாசை என்னை விட்டபாடில்லை.

திருச்சிராப்பள்ளியை அடுத்த திருவானைக்காவலில் 1888 நவம்பர் 7ஆம் நாள் அவர் பிறந்தார். தந்தையார் சந்திரசேகர ஐயர் கணிதமும் பௌதிகமும் கற்பித்தவர். விசாகப்பட்டினத்துக் கல்லூரியொன்றில் ஆசிரியராய் அமர்ந்தவர். பிடில் வாசிப்பதிலும் ஈடுபாடு உடையவர். வீட்டில் நூலும் இருந்தது, நாதமும் இருந்தது. மகன் சென்னை மாநிலக் கல்லூரியில் 1904இல் பி.ஏ. தேர்வில் முதல்வராய்த் தேறிப் பொற்பதக்கம் பெற்றார், 1907இல் எம்.ஏ. பட்டமும் பெற்றார். பதினெட்டு வயது மாணவராய் இருந்தபோதே, 1906இல், அவரது முதற்கட்டுரை இங்கிலாந்தின் புகழ்வாய்ந்த ஆராய்ச்சி இதழொன்றில் வெளிவந்தது. அது ஒளியைப் பற்றியது. அடுத்த ஆண்டு வெளிவந்த கட்டுரையோ திரவங்களின் மேற்பரப்பிழுவிசையை அதன் வளைவை அளந்து காணும் முறை பற்றியது. இலை நுனியில் நிற்கும் நீர்த்துளி உருண்டையாவது ஏன்? திரவத்தின் மேற்பரப்பு, இழுத்துக் கட்டிய மெல்லிய தோல்போலத் தன்னைச் சுருக்கிக்கொள்ள முயல்வதால் என்க. தோலின் இழுவையே அவரது இளமையாராய்ச்சியில் வந்து நின்றமையை வாசகர் நினைவிற் கொள்க. பின்னர் அது வேறு வடிவில் வரும்.

அக்காலத்தில் ஆராய்ச்சியைத் தொழிலாகக் கொள்ளும் வாய்ப்பு இந்தியருக்கு இல்லையென்றே சொல்லலாம். உடல்நலங் கருதி இங்கிலாந்துப் பயணத்தையும் மருத்துவர் தடுத்தமையால், இராமன் அரசாங்க நிதித்துறைத் தேர்வை எழுதி முதலிடம் பெற்று, 1907இல் கல்கத்தாவிற் கணக்கதிகாரியாய்ப் பதவியேற்றார். அவ்வாண்டிலேயே உலோகசுந்தரி அம்மையாரை மணந்தார். அம்மையார் வீணை வல்லவர். கல்கத்தா பௌபசார் வீதியில், மகேந்திரலால் சர்க்கார் 1876இல் நிறுவிய இந்திய விஞ்ஞான வளர்ச்சிக் கழகத்தின் கட்டடம் ஏறக்குறைய ஆளற்றுக் கிடந்தது. அதனை இராமன் கண்டதும், காலையிலும் மாலையிலும் ஆராய்ச்சி, இடையில் அரசாங்கக் கணக்கு என்று அவர் வாழ்வு இருகூறாயிற்று. இடையே இரங்கூனுக்கும் நாகபுரிக்கும் மாற்றம் பெற்றுச் சென்று 1911இல் மீண்டார். உதவிக்கு ஆசுதோஷ் தே என்னும் உழைப்பாளர் ஒருவர். கருவிகளோ, கிடைத்ததைக் கொண்டு செய்துகொண்டவை.

இந்த ஏழ்மையான கூடத்திலேதான் தந்தியாராய்ச்சி வளர்ந்தது. பிடிலின் வில் தந்தியைப் பற்றி இழுப்பதும், தந்தி வழுக்கித் திரும்புவதும், மீண்டும் பற்றப்படுவதுமாகிய அசைவைக் கணிதத்தால் ஆராய்ந்து 1918இல் ஒரு தனிநூல் வெளியிட்டார். மனிதக் கை ஒருபோதும் ஒரே விசையோடு வில்லை இழுப்பதில்லை. ஆதலால் வில்லை அசையாமல் நிறுத்திப் பிடிலை அதன்கீழ் நகர்த்தும் பொறியொன்றைச் செய்தார். வீணை, தம்பூரா ஆகியவற்றின் தட்டையாய் வளைந்த மேருவைப் பற்றி 1921இல் எழுதினார். தந்தியை எந்த இடத்திற் சுண்டினால் எந்த மேற்றொனி எழாது என்று மேலைநாட்டார் விதி வகுத்திருந்தனர். நம் தம்பூராவோ அவ்விதிக்கு அடங்காது எழாத தொனியையும் எழுப்புகின்றது. அதற்குக் காரணம் மேருவின் வளைவே என்று அவர் காட்டினார்.

மிருதங்கமே இதில் மகுடம். ஒரு வட்டத்தின்மேல் ஒரே சீராகத் தோலை இழுத்துக் கட்டித் தட்டினால், எழும் மேற்றொனிகள் அடித்தொனியின் முழு மடங்குகளாய் அமைவதில்லை. அடித்தொனியின் அதிர்வெண் 1 ஆனால் அடுத்தவை ஏறக்குறைய 1.59, 2.14 என்று ஒழுங்கின்றிச் செல்லும். ஆகவேதான் வெறும் பறையோசையிற் சுருதி தெளிவாகக் கேட்பதில்லை. மிருதங்கத்தின் வலந்தலையிலோ நடுவே கருநிறப் பூச்சு அப்பப்பட்டுள்ளது. அப்பூச்சின் பாரம் அதிர்வுகளைச் சரிப்படுத்தி 1, 2, 3, 4, 5 என முழு மடங்குகளாக்கி விடுகின்றது. மெல்லிய மணலைத் தோலின்மேல் தூவி, அது ஒதுங்கி நிற்கும் கோடுகளைக் கண்டு, ஒன்பது வகை அசைவுகள் ஐந்து தொனிகளுள் அடங்குவதை இராமன் நிறுவினார். சிவகாளி குமாரோடு 1920இல் எழுதிய சிறு குறிப்பிலும், 1934இல் எழுதிய விரிவான கட்டுரையிலும் இதனைக் காணலாம். பூச்சைக் கண்டுபிடித்த பழந்தமிழ்க் கைவினைஞன் பெயர் நமக்குக் கிட்டவில்லை. அவன் செய்கையின் நுட்பத்தை உலகறியச் சொன்னவர் பெயராவது நம் இசை மாணவருக்குத் தெரிதல் வேண்டும்.

அதே காலத்தில், இரு குண்டுகள் மெல்ல மோதி மீள்வதை நிழற்படமாய்ப் பிடித்து ஆராய்ந்தார். மோதும் வேகம் குறையக் குறைய, மோதலில் இழக்கப்படும் வேகத்தின் பங்கும் குறைந்து, மீட்சி நிறைவை நெருங்குவதைக் கண்டார். 1917இல் அரசாங்கப் பதவியின் பெருஞ்சம்பளத்தைத் துறந்து, கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் பாலித் பேராசிரியராய் அமர்ந்தார்.

1921இல் இங்கிலாந்து சென்று கப்பலில் மீளும்போது, மத்தியதரைக் கடலின் நீலம் அவரைப் பற்றிக்கொண்ட கதை யாவரும் அறிந்ததே. வானத்தின் நிழலே கடலின் நீலம் என்பது ரேலி பிரபுவின் கருத்து. எமது புளியங்கூடலிலிருந்து தாம்போதி வழியே புங்குடுதீவுக்குச் செல்பவர் இருமருங்கும் காண்பது நீலமன்று; அடிநிலம் தெரியும் வெளிறிய பச்சையும் சாம்பலுமே. குறிகட்டுவானிற் படகேறி நெடுந்தீவை நோக்கிச் செல்லச் செல்லவே நீலம் கூடும். மேலே இருப்பதோ ஒரே வானம்! தீவகத்துப் பிள்ளை எளிதிற் கேட்கத்தக்க இவ்வினாவை இராமன் கப்பற்றட்டில் நின்று பட்டகக் கருவி கொண்டு கேட்டார். மேற்பரப்பிற் பட்டு மீளும் வானொளியை அக்கருவியால் நீக்கிய பின்னும் நீலம் நின்றது. எனவே நீரின் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறுகின்றன என்று கொண்டார். நீர் செவ்வொளியை உறிஞ்சுவதும் அந்நீலத்துக்குப் பெருந்துணை என்பது இன்று தெளிவு. இவ்வாராய்ச்சியிலும் பொருளியல்பே அடிநிலம். திரவத்துள் மூலக்கூறுகள் ஓயாது அலைவதால் ஓரிடம் சிறிது நெருங்கியும் ஓரிடம் சிறிது நெகிழ்ந்தும் இருக்கும். எளிதில் அமுங்கும் திரவத்தில் இவ்வேறுபாடு மிகும், சிதறலும் மிகும்.

அங்கிருந்து திரவத்தின் பிற இயல்புகளுக்குச் சென்றார். பனம்பாணியைச் சூடாக்கினால் இளகி ஓடும், ஆறினால் இறுகும். இவ்வாறு ஓட்டத்தை எதிர்க்கும் இயல்பைப் பாகுநிலை என்பர். வாயுக்களிலோ இது நேர்மாறு. சூடேறப் பாகுநிலையும் ஏறும். இவ்வேற்றுமைக்கு 1923இல் அவர் சொன்ன விளக்கம், திரவத்துள் சில மூலக்கூறுகள் திண்மத்திற்போல இறுகப் பிணைந்தும் சில தளர்ந்தும் நிற்கின்றன, வெப்பம் பிணைப்பைத் தளர்த்துகின்றது என்பது. மாணவர் இராமதாசோடு சேர்ந்து, காற்றே படாத திரவப் பரப்பும் உண்மையில் அமைதியாய் இல்லை, மூலக்கூறுகளின் வெப்ப அசைவால் கண்ணுக்குப் புலனாகாத நுண்ணலைகள் அதன்மேல் எப்போதும் எழுகின்றன என்பதற்கு ஒளிச்சிதறலாற் சான்று கண்டார்.

1928இல் கே. எஸ். கிருஷ்ணனோடு செய்த பெருங்கண்டுபிடிப்பு பாடநூல்கள் யாவற்றிலும் உண்டு, இங்கு விரிக்கவில்லை. 1933இல் பெங்களூர் இந்திய விஞ்ஞான நிலையத்தின் தலைவரானார். அப்பதவியில் அமர்ந்த முதல் இந்தியர் அவரே. நிருவாகப் பூசல்களால் 1937இல் தலைமையை விட்டுப் பேராசிரியராய்த் தொடர்ந்தார். அக்காலத்திலும் பணி நிற்கவில்லை. செவிக்கெட்டா நுண்ணொலி திரவத்தின் ஊடே செல்லுங்கால், நெருங்கியும் நெகிழ்ந்தும் அடுக்கடுக்காய் அமையும் நீர்ப்படலங்கள் ஒளியைப் பல கதிர்களாய்ப் பிரிப்பதை, நாகேந்திரநாத்தோடு 1935, 1936ஆம் ஆண்டுகளிற் கணிதத்தால் விளக்கினார். இன்றும் அது அவ்விருவர் பெயராலேயே வழங்குகின்றது.

இனிச் சொல்லப்போவதைப் பலர் மறைப்பர், நான் மறைத்தற்கில்லை. இட்லரின் கொடுமையால் நாடிழந்த செருமானிய அறிஞர் மாக்ஸ் போர்னைப் பெங்களூருக்கு அழைத்து நிலையான பதவி அளிக்க முயன்றவர் இராமன். முயற்சி கைகூடவில்லை. பின்னர் அதே போர்னோடு கருத்துப் போர் மூண்டது. பளிங்கொன்றினுள் அணுக்கள் அதிரும்போது அதிர்வெண்கள் இடைவிடாத தொடராய்ப் பரந்து கிடக்கும் என்பது போர்ன் கொள்கை. அவை எண்ணத்தக்க சில தனித்தனிச் சுருதிகளே என்று இராமன் 1940களில் வாதிட்டார். வைரத்தின் நிறமாலையிற் கூரிய கோடுகள் தோன்றியமை அவர்க்கு அரணாயிற்று. ஆனால் தொடர்ச்சியான பரவலிலும் அத்தகைய கூர்மை எழக்கூடும் என்று பிறர் பின்னர்க் காட்டினர். நியூத்திரன்களைக் கொண்டு செய்த சோதனைகளும் போர்ன் பக்கமே நின்றன. பளிங்குகளின் மீள்தன்மையிலும் அவ்வாறே. கனசதுர ஒழுங்குடைய பளிங்கின் மீள்தன்மையைச் சொல்ல மூன்று மாறிலிகள் போதும் என்பது வழிவந்த கொள்கை. நான்கு வேண்டும் என்று 1955இல் விசுவநாதனோடு எழுதினார். அறிஞருலகம் அதனை ஏற்கவில்லை.

மிருதங்கத்தில் ஒன்பது அசைவுகள் ஐந்து சுருதிகளுள் அடங்கக் கண்ட செவி, வைரத்திலும் அத்தகைய அடக்கத்தையே எதிர்பார்த்ததோ என்று நான் எண்ணுவதுண்டு. இது என் ஊகமேயன்றி வேறன்று. மறுத்துரைப்பார் அருகில் இல்லாத தனிமையும் ஒரு காரணமாகலாம். 1948க்குப் பின் தாமே அமைத்த ஆராய்ச்சி நிலையத்தில், தாம் தேடிச் சேர்த்த வைரங்களும் பளிங்குகளும் சூழ, தம் வழியே நடந்தார். 1954இல் பாரத ரத்தினம் வந்தது. கொள்கையை அவர் விடவில்லை.

1970 அக்டோபர் 2ஆம் நாள் காந்தி நினைவுச் சொற்பொழிவில், எண்பத்தோராண்டு முதியவர் எடுத்துக்கொண்ட பொருள் வைரமன்று. மனிதச் செவியின் உட்கூறும் அது நாதத்தை உணருமாறும் பற்றியே அவர் பேசினார். அம்மாத இறுதியில் ஆராய்ச்சிக் கூடத்தில் நிலைகுலைந்து வீழ்ந்தார். மருத்துவமனையில் இறக்க விரும்பாது தம் நிலையத்துத் தோட்டத்துக்கே திரும்பினார். நவம்பர் 21ஆம் நாள் உயிர் பிரிந்தது. தோட்டத்திலேயே சடங்கெதுவுமின்றி எரியூட்டினர். அவ்விடத்தில் கல்லெழுப்பவில்லை, ஒரு மரம் நட்டனர்.