தெருப்பாட்டைக் கவிதையாக்கிய பாவலர் லாங்ஸ்டன் ஹியூஸ்

பாட்டு வேறு, கவிதை வேறு எனப் பிரித்து, ஒன்றைக் கேட்டு மகிழவும் மற்றொன்றைப் போற்றிக் காக்கவும் கற்றவர் பழகிவிட்டனர். பகலெல்லாம் உழைத்துக் களைத்தவர்கள் இரவில் பாடும் பாட்டு ஏட்டில் ஏறலாமா என்னும் வினா எழும்போது, முதல் தயக்கம் பெரும்பாலும் அம்மக்களுக்குள்ளேயே படித்து முன்னேறியவர்களிடமிருந்துதான் வருகிறது. அமெரிக்கக் கறுப்பின மக்களிடையே இவ்வினாவை எழுப்பி, நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாகத் தம் படைப்புகளாலேயே விடை கூறி வந்தவர் லாங்ஸ்டன் ஹியூஸ். கவிஞர், பாடலாசிரியர், நாடக ஆசிரியர், கதாசிரியர் எனப் பலவாறு அவரை அறிமுகப்படுத்தலாம். எனினும் ஜாஸ், புளூஸ் என்னும் இசை வகைகளோடு அவர் கொண்டிருந்த உறவை மட்டுமே இங்கு நாம் காண முற்படுகிறோம்.

அவர் மிசூரி மாநிலத்தின் ஜாப்லின் நகரில் பிறந்தார். நாள் பெப்ரவரி 1; ஆண்டு 1902 என்றே நெடுங்காலம் அச்சிடப்பட்டு வந்தது. கன்சாஸ் மாநிலத்துப் பழைய செய்தித்தாள்களில் கிடைத்த குறிப்புகளால் அது 1901 ஆகவே இருக்கவேண்டும் என்பது 2018இல் தெளிவாயிற்று. தந்தை ஜேம்ஸ் ஹியூஸ் நிறவெறியைப் பொறுக்கமாட்டாமல் மெக்சிகோ நாட்டிற்குச் சென்றுவிட்டார். தாய் கேரி வேலை தேடி ஊர் ஊராக அலைந்தார். ஆகவே பிள்ளையை வளர்க்கும் பொறுப்பு கன்சாஸ் மாநிலத்து லாரன்ஸ் நகரில் வாழ்ந்த பாட்டி மேரி லாங்ஸ்டனிடம் வந்தது. அடிமை முறையை ஒழிக்க ஜான் பிரவுன் என்பார் 1859இல் ஹார்ப்பர்ஸ் ஃபெர்ரியில் நடத்திய தாக்குதலில் உயிர்நீத்தவர்களுள் ஒருவர் அந்த மூதாட்டியின் முதற் கணவர். பாட்டி கூறிய கதைகளில் மனிதர்கள் உழைத்தார்கள், போராடினார்கள்; அழவில்லை. இக்குறிப்பை ஹியூஸ் தம் தன்வரலாற்றில் பதிவு செய்துள்ளார்.

தந்தையோ வேறு வகையினர். மெக்சிகோவில் பொருள் ஈட்டிய அவர், ஏழைகளாகவே இருக்கும் தம் இனத்தாரை வெறுத்தார். 1920ஆம் ஆண்டு கோடையில் அவரைக் காணப் புகைவண்டியில் சென்றுகொண்டிருந்த மகன், அந்தி வேளையில் மிசிசிப்பி ஆற்றைக் கடந்தபோது அவ்வெறுப்பைப் பற்றியே எண்ணிக்கொண்டிருந்தார். தம் மக்களின் வரலாற்றில் ஆறுகள் பெற்ற இடம் நினைவிற்கு வரவே, சட்டைப்பையிலிருந்த கடித உறையின் பின்புறத்தில் ஒரு கவிதையை எழுதி முடித்தார். நீக்ரோ ஆறுகளைப் பற்றிப் பேசுவதாக அமைந்த அக்கவிதை 1921 ஜூனில் 'தி கிரைசிஸ்' இதழில் வெளிவந்தது. தந்தை வெறுத்த மக்களையே மகன் தம் பாடுபொருளாகக் கொண்டார். அவருடைய இலக்கிய வாழ்வின் தொடக்கம் இதுவே எனலாம்.

புளூஸ் என்பது யாது என்று இவ்விடத்தில் சிறிது விளக்குதல் வேண்டும். அமெரிக்கத் தென்மாநிலங்களின் பருத்திக் காடுகளிலும் இருப்புப்பாதைப் பணிகளிலும் உழைத்த கறுப்பின மக்களின் பாட்டுகளிலிருந்து பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் உருப்பெற்றது அது. பெரும்பாலும் மூன்றடி. முதலடி ஒரு துன்பத்தைச் சொல்லும். இரண்டாமடி அதனையே சிறு மாற்றத்தோடு திரும்பச் சொல்லும். மூன்றாமடி அதற்கு எதிர்பாராத ஒரு விடை தரும். அவ்விடையில் ஒரு நகைப்பும் கலந்திருக்கும். யாப்புப் பயிலும் நம் மாணவர்கள் இங்கு உற்றுநோக்க வேண்டியது இரண்டாமடியை. மேடையில் நிற்கும் பாடகர் மூன்றாமடியைத் தேடிக்கொள்ளக் கிடைக்கும் இடைவெளி அது. கேட்பவர் நெஞ்சு அத்துன்பத்தில் தோயக் கிடைக்கும் இடைவெளியும் அதுவே. இவ்வடிவத்தோடு அணிவகுப்பு இசை, தேவாலய இசை முதலியன கலந்து நியூ ஆர்லியன்ஸ் நகரில் ஜாஸ் வளர்ந்தது.

தந்தையின் பணத்தில் 1921இல் நியூயார்க் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சேர்ந்த ஹியூஸ் ஓராண்டிலேயே வெளியேறினார். பல்கலைக்கழகத்தைக் காட்டிலும் அருகிலிருந்த ஹார்லெம் பகுதி அவரை ஈர்த்தது. 1923இல் சரக்குக் கப்பலொன்றில் பணியாளாகச் சேர்ந்து மேற்கு ஆப்பிரிக்கக் கரைகளைக் கண்டார். 1924இல் பாரிஸ் நகரின் மோன்மார்த்ர பகுதியில் 'லே கிரான் டியூக்' என்னும் இரவு விடுதியின் சமையலறையில் தட்டுக் கழுவினார். பிற விடுதிகளில் வாசித்து முடித்த கறுப்பின இசைவாணர்கள் விடியற்காலையில் அங்கு வந்து கூடித் தங்களுக்காகவே வாசிப்பார்கள். கூலிக்காக அன்றி மகிழ்ச்சிக்காக எழுந்த அந்த இசையைச் சமையலறையிலிருந்தே கேட்டவர் நம் கவிஞர். ஜாஸ் தாளத்தைச் சொற்களில் அமைக்கும் முயற்சி அப்போதே தொடங்கிவிட்டது.

அவ்வாண்டின் இறுதியில் வாஷிங்டன் வந்து தாயுடன் தங்கினார். பட்டம் பெற்ற கறுப்பினக் குடும்பங்கள் தம் குலப்பெருமையைப் பேசிக்கொண்டிருந்த நகரம் அது. அக்கூடங்களில் ஹியூஸுக்கு மூச்சு முட்டியது. ஏழாம் தெருவிலோ கூலிகளும் வண்டியோட்டிகளும் புளூஸ் பாடிக்கொண்டு, கதை பேசிக்கொண்டு, சிரித்துக்கொண்டு இருந்தனர். அத்தெருவில் கேட்ட பாட்டுகளைப் போலவே கவிதை எழுத முயன்றதாக அவரே பின்னாளில் எழுதினார்.

'சோர்ந்த புளூஸ்' என்று நாம் தமிழில் பெயர் சொல்லத்தக்க 'தி வியரி புளூஸ்' கவிதை அம்முயற்சியின் முதற்கனி. ஹார்லெமின் லெனாக்ஸ் அவென்யூவில் மங்கிய விளக்கொளியில் பியானோ வாசித்துப் பாடும் முதியவர் ஒருவரைப் பற்றியது அது. சிறுவயதில் லாரன்ஸ் நகரில் தாம் கேட்ட உண்மையான புளூஸ் அடிகளை அதனுள் வைத்தார். முடிவு மட்டும் கைகூடவில்லை. நெடுநாள் திருத்திக்கொண்டே இருந்தார். 1925இல் 'ஆப்பர்ச்சூனிட்டி' இதழின் போட்டியில் அக்கவிதை முதற்பரிசு பெற்றது. அவ்வாண்டு இறுதியில், தாம் வேலை செய்த விடுதிக்கு உணவுண்ண வந்த கவிஞர் வேச்சல் லிண்ட்சேயின் மேசையில் மூன்று கவிதைகளை வைத்துவிட்டுப் போனார். மறுநாள் செய்தித்தாள்கள், எச்சில் தட்டு எடுக்கும் இளைஞன் கவிஞனாகக் கண்டெடுக்கப்பட்டதைக் கொண்டாடின. கதை சுவையானதுதான். ஆயினும் அதற்கு முன்பே நாஃப் பதிப்பகம் அவருடைய முதல் தொகுதியை ஏற்றுக்கொண்டிருந்தது என்பதையும் சொல்லாமல் விடுதல் முறையன்று.

அத்தொகுதி 1926இல் வெளிவந்தது. எதிர்ப்பும் உடன் வந்தது. உடன்பாடும் உறவும் உடைய கவிஞர் கவுன்ட்டி கல்லன், ஜாஸ் கவிதைகள் உயர்ந்த கவிதைகளின் வரிசையில் இடம்பெறத் தக்கனவா என்று மதிப்புரையில் ஐயுற்றார். அவ்வாண்டு ஜூனில் 'தி நேஷன்' இதழில் ஹியூஸ் ஒரு கட்டுரை வரைந்தார். வெள்ளையரைப் போல ஆகவேண்டும் என்னும் உள்ளார்ந்த விருப்பமே கறுப்பினக் கலைஞனின் வழியில் நிற்கும் மலை என்பது அதன் கருத்து. அடுத்த ஆண்டு வந்த இரண்டாம் தொகுதியில் புளூஸ் யாப்பிலேயே பல கவிதைகள் இருந்தன. சலவை செய்வோர், விடுதிப் பணியாளர், குடிகாரர், கைவிடப்பட்ட பெண்கள் ஆகியோரே அவற்றில் பேசினர். இம்முறை கறுப்பினச் செய்தித்தாள்களே அவரைக் கடுமையாகச் சாடின. ஹார்லெமை இழிவுபடுத்துபவர் என்றும் சாக்கடையைக் கிளறுபவர் என்றும் பழித்தன.

இவ்வசையை எளிதில் ஒதுக்கிவிடுதல் நேர்மையாகாது. தம் இனத்தாரைப் பற்றி வெள்ளையர் ஏடுகள் இழிவாக எழுதிவந்த காலம் அது. நம்மவரே நம் கொல்லைப்புறத்தைத் திறந்து காட்டலாமா என்று மூத்தோர் கேட்டதில் வலி இருந்தது. ஹியூஸின் விடை சுருக்கமானது. எல்லா மக்களிடையேயும் உள்ளவர்களே தம் மக்களிடையேயும் உள்ளனர். மேல்தட்டினரை மட்டும் காட்டுவது இலக்கியத்தின் வேலையன்று என்றார். மேலும், அவர் காட்டிய மனிதர்கள் எவரும் இகழ்ச்சிக்குரியவராக அக்கவிதைகளில் நிற்கவில்லை. மதிப்புரைஞர் பலர் கவனிக்கத் தவறியது இதுவே என்பது நம் கருத்து.

1927 முதல் செல்வச் சீமாட்டி சார்லட் மேசன் அவருக்குத் திங்கள்தோறும் 150 டாலர் வழங்கினார். 1929இல் பென்சில்வேனியா லிங்கன் பல்கலைக்கழகத்தில் ஹியூஸ் பட்டம் பெற்றார். 1930இல் முதல் நாவல் வந்தது. ஆனால் அம்மையார் அவரிடம் எதிர்பார்த்தது பழங்குடி ஆப்பிரிக்காவின் குரலை. அவர் பிறந்து வளர்ந்ததோ அமெரிக்க நகரங்களில். உறவு 1930இல் முறிந்தது. அதன் துயரத்தில் அவர் நோயுற்றார். ஒரு பக்கம் தம்மவர், மிகக் கீழே இறங்கிவிட்டார் என்றனர். மறுபக்கம் புரவலர், இன்னும் பழைமைக்குச் செல்க என்றார். இரண்டிற்கும் இணங்காமல் அவர் காரில் தென்மாநிலங்களுக்குச் சென்று, கறுப்பின மாணவர் கல்லூரிகளிலும் தேவாலயங்களிலும் கவிதை படித்தார்.

1932இல் திரைப்படம் ஒன்றில் பங்குகொள்ளக் கறுப்பின அமெரிக்கர் இருபத்திருவர் மாஸ்கோ சென்றனர். அவர்களுள் ஹியூஸும் ஒருவர். படம் எடுக்கப்படவே இல்லை. அவர் அங்கிருந்து மத்திய ஆசியாவிற்குச் சென்று தாஷ்கண்ட், சமர்கந்து, புகாரா ஆகிய ஊர்களைக் கண்டு எழுதினார். நம் வாசகர்க்கு இப்பெயர்கள் புதியன அல்ல. அப்பாலைநில வழிகளிலும் அவருடன் சென்றன ஒரு கிராமபோன் பெட்டியும் ஜாஸ் இசைத்தட்டுகளும்.

பாடலாசிரியர் என்னும் நிலையில் அவருக்குப் பெருவெற்றி தந்தது 'ஸ்ட்ரீட் சீன்' என்னும் இசை நாடகம். எல்மர் ரைஸ் எழுதிய நாடகத்திற்கு, ஹிட்லரின் ஜெர்மனியிலிருந்து வெளியேறிய யூத இசையமைப்பாளர் கர்ட் வைல் இசையமைத்தார். கதை, வெள்ளை இனத்தவர் பெரும்பான்மையாக வாழும் நியூயார்க் அடுக்குவீடு ஒன்றில் நிகழ்வது. அதற்குப் பாட்டெழுத ஒரு கறுப்பினக் கவிஞரை அழைத்தது அந்நாளில் அரிய செயல். ஹியூஸ் இசையமைப்பாளரை ஹார்லெமின் இரவு விடுதிகளுக்கு அழைத்துச் சென்று புளூஸ் கேட்கச் செய்தார். 1947 ஜனவரி 9இல் பிராட்வேயில் அரங்கேறிய அந்நாடகம் 148 முறை நடிக்கப்பெற்றது. இருபதாண்டுகளாகப் புகழ்பெற்ற கவிஞராயிருந்தும் சொந்த வீடில்லாமல் வாழ்ந்தவர், அப்பாடல்கள் ஈட்டிய வருவாயைக் கொண்டே ஹார்லெமில் கிழக்கு 127ஆம் தெருவில் ஒரு வீடு வாங்கினார். நூல்கள் தராததைப் பாட்டு தந்தது.

இதற்கிடையில் ஜாஸ் இசையே மாறிவிட்டது. 1940களில் ஹார்லெம் விடுதிகளில் 'பீபாப்' என்னும் புதுநடை தோன்றியது. விரைந்த தாளம், எதிர்பாராத முறிவு, இடையில் புகும் பிற குரல் ஆகியன அதன் இயல்புகள். ஐம்பது வயதை எட்டிய கவிஞர் பழைய வெற்றியைத் திரும்பப் பாடிக்கொண்டிருக்கவில்லை. 1951இல் வெளிவந்த 'மான்டாஜ் ஆஃப் எ டிரீம் டிஃபர்டு' நூல் முழுவதையும் அப்புது நடையில் அமைத்தார். தள்ளிப்போடப்பட்ட கனவு என்பது அதன் மையம். தெருவில் கேட்கும் பேச்சு, விளம்பரப் பலகை, வாடகைச் சண்டை எல்லாம் சிறுசிறு கவிதைகளாகி, ஒன்றையொன்று இடைமறித்து, ஒரே நெடும்பாட்டாகின்றன. அவருடைய நூல்களுள் தலைசிறந்தது இதுவே என்போம். அதிலுள்ள ஓர் உவமையிலிருந்தே லொரைன் ஹான்ஸ்பெரி 1959இல் அரங்கேறிய தம் நாடகத்திற்குப் பெயர் எடுத்தார்.

1953 மார்ச்சில் செனட்டர் மெக்கார்த்தியின் குழு அவரை விசாரித்தது. 1930களில் எழுதிய புரட்சிப் பாடல்களே காரணம். அவர் எவரையும் காட்டிக்கொடுக்கவில்லை; ஆனால் அப்பாடல்களிலிருந்து விலகி நின்றார். 1959இல் வந்த தேர்ந்தெடுத்த கவிதைகள் நூலிலும் அவை இடம்பெறவில்லை. இது நமக்கு உவப்பானதாக இல்லை. ஆயினும், எழுத்தொன்றே பிழைப்பாகக் கொண்ட கறுப்பினக் கவிஞருக்கு அந்நாளில் இருந்த வழிகள் மிகச் சிலவே.

1958இல் சார்ல்ஸ் மிங்கஸ் முதலானோரின் இசையோடு தம் கவிதைகளைப் படித்து இசைத்தட்டாக வெளியிட்டார். 1960 ஜூலையில் நியூபோர்ட் ஜாஸ் விழாவில், உள்ளே இடம் கிடைக்காத இளைஞர்கள் ஊரில் கலகம் விளைவிக்க, விழாவை நிறுத்த நகர மன்றம் ஆணையிட்டது. இறுதி நாள் பிற்பகல் மடி வாட்டர்ஸ் குழுவினர் மேடையில் இருந்தனர். விழாக் குழுவில் ஒருவராயிருந்த ஹியூஸ், கைக்குக் கிடைத்த தந்தித் தாளில் அங்கேயே ஒரு பிரிவுப் புளூஸ் எழுதிக் கொடுத்தார். ஓடிஸ் ஸ்பான் அதனைப் பாடினார். முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன் தெருவில் கேட்டதைத் தாளில் எழுதியவரின் சொற்கள், அன்று தாளிலிருந்து மை உலருமுன் பாடகரின் வாய்க்குச் சென்றன.

அந்நியூபோர்ட்டிலேயே தொடங்கி 1961இல் வெளியிட்ட 'ஆஸ்க் யுவர் மாமா', ஜாஸ் இசைக்கென்றே எழுதப்பட்ட பன்னிரு பகுதிகள் கொண்ட நெடுங்கவிதை. பக்கத்தின் ஒருபுறம் கவிதையும் மறுபுறம் இசைக்குறிப்புகளும் இருக்கும். லூயி ஆம்ஸ்ட்ராங்கிற்கு உரிமையாக்கப்பட்ட அந்நூலைத் திறனாய்வாளர் பலர் பொருட்படுத்தவில்லை. லாரா கார்ப்மனின் இசையமைப்பில் அது கார்னகி அரங்கில் ஒலித்தது 2009இல்தான்.

இறுதி நாள்களிலும் அவர் பாட்டெழுதுவதை விடவில்லை. நீனா சிமோன் 1967இல் பாடி வெளியிட்ட 'பேக்லாஷ் புளூஸ்' அவருடைய சொற்கள். அவ்வாண்டு மே 22இல், அறுவை மருத்துவத்திற்குப் பின் ஏற்பட்ட சிக்கல்களால் நியூயார்க் மருத்துவமனையொன்றில் காலமானார். அவர் முன்னரே சொல்லிவைத்திருந்தபடி, இறுதிச் சடங்கில் பியானோக் கலைஞர் ராண்டி வெஸ்டன் தம் குழுவினருடன் புளூஸ் வாசித்தார். டியூக் எலிங்டனின் பாட்டொன்றோடு நிகழ்ச்சி முடிந்தது. செய்தி தெரியும் வரை ஒன்றும் செய்துவிடாதே என்னும் பொருள்பட அமைந்தது அப்பாட்டின் தலைப்பு. இதிலும் அவருடைய குறும்பு தெரிகிறது.

1991இல் அவருடைய சாம்பல் ஹார்லெமின் ஷோம்பர்க் ஆய்வு நூலகக் கூடத்தின் தரையடியில் வைக்கப்பட்டது. அதன்மேல், இருபதாம் வயதைத் தொடுமுன் புகைவண்டியில் எழுதிய அந்த ஆற்றுக் கவிதையின் சொற்கள் வண்ணக் கற்களிடையே பதிக்கப்பட்டுள்ளன. அத்திறப்பு விழாவில் கவிஞர்கள் மாயா ஆஞ்சலோவும் அமிரி பராக்காவும் அத்தரையின்மீது நடனமாடினர். அந்நூலகம் அமைந்திருப்பது, சோர்ந்த பியானோக் கலைஞரை அவர் பாடிய அதே லெனாக்ஸ் அவென்யூவில்.