வட்டமான முகத்தின் காரணம் தேடியவர்

ஹட்டனுக்கு மேலேயுள்ள ஒரு தோட்டத்து லயத்தில், மூளைக்கட்டிக்குச் சத்திரசிகிச்சை செய்து வந்திருந்த அக்கா ஒருவரைப் பார்க்கப் போயிருந்தேன். கொழுந்து பறித்து மெலிந்திருந்தவருக்குக் கன்னம் உப்பி, முகம் வட்டமாகியிருந்தது. உடம்பு தேறிவிட்டதாகப் பக்கத்துக் காம்பராக்காரர்களுக்குச் சந்தோசம். அவருக்கோ கண்ணாடி பார்க்கவே பிடிக்கவில்லை. கிளினிக்கில் கொடுத்த டெக்சாமெதசோன் மாத்திரைதான் காரணம் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். நிறுத்திவிடட்டுமா என்று என்னிடம் கேட்டார். நான் வைத்தியர் இல்லை. கிளினிக்கில் கேட்காமல் ஒரு வேளையும் விடவேண்டாம் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

அந்த முகத்தின் காரணத்தைத் தேடியபோது வந்து நின்றவர் ஹார்வி குஷிங்.

1869இல் அமெரிக்காவின் ஒஹையோவில், பரம்பரை வைத்தியர் குடும்பத்தில் பிறந்தவர். மண்டையைத் திறந்தால் பிழைப்பது அரிது என்றிருந்த காலத்தில் அதையே தன் தொழிலாக்கிக்கொண்டார். கட்டியைப் போலவே வீக்கமும் ஆளைக் கொன்றது. மண்டையோட்டுக்குள் மூளை வீங்க இடமேது? வீக்கத்தை வற்றவைக்கும் ஸ்டீரொயிட் மருந்து அப்போது இல்லை. ஆகவே காதுக்கு மேலே, தசைக்குக் கீழே எலும்பில் ஒரு துண்டை எடுத்து அழுத்தத்துக்கு வழிவிட்டார். இரத்தக்குழாய்களை அடைக்கச் சின்னஞ்சிறு வெள்ளிக் கிளிப்புகளைப் பயன்படுத்தினார். 1931இல் பொஸ்டனில் அவர் செய்தது 2,000ஆவது மூளைக்கட்டிச் சத்திரசிகிச்சை.

நடுவே முதலாம் உலகப்போர். 1917இல் பெல்ஜியப் போர்முனையில், படையினரின் மூளைக்குள் இருந்த ஷெல் துண்டுகளைக் காந்தத்தால் இழுத்தெடுத்தார். தலைக்காயத்தால் வந்த சாவுகளை ஏறக்குறைய அரைவாசியாகக் குறைத்தார். தலைக்குள் ஷெல் துண்டோடு வாழ்கிறவர்களை வன்னியில் சந்தித்தவள் நான்; அந்தப் பகுதியை என்னால் வேகமாகப் படித்துக் கடக்க முடியவில்லை.

இனிமையான மனிதர் என்று சொல்வதற்கில்லை. உதவியாளர்களைக் கடுமையாக நடத்தினார். 1926இல் மகன் கார் விபத்தில் இறந்த செய்தி வந்த காலையிலும் சத்திரசிகிச்சைக் கூடத்துக்குப் போனார். இது உறுதியா, கல்நெஞ்சா? எனக்கு இன்னும் தெளிவில்லை.

1910இல் அவரிடம் 23 வயதுப் பெண்ணொருத்தி வந்தாள். வட்ட முகம், பருத்த வயிறு, மெலிந்த கைகால்கள், நின்றுபோன மாதவிடாய். அப்படிப்பட்ட நோயாளிகளைப் பல வருடங்கள் தொடர்ந்து கவனித்து, 1932இல், மூளையின் அடியிலுள்ள கபச்சுரப்பியில் வரும் சிறு கட்டிதான் காரணம் என்று எழுதினார். அந்தக் கட்டி தூண்ட, சிறுநீரகத்துக்கு மேலிருக்கும் அதிரீனல் சுரப்பி கோர்ட்டிசோலை அளவுக்கு மீறிச் சுரக்கிறது என்ற முழுக்கதை பின்னால்தான் தெளிவானது.

1939இல் குஷிங் இறந்தார். பிரேதப் பரிசோதனையில் அவருடைய மூளைக்குள்ளும் ஒரு சிறு கட்டி இருந்தது.

கோர்ட்டிசோன் முதன்முதலில் நோயாளிக்கு ஏற்றப்பட்டது 1948இல். 1961இல், அதே குடும்பத்து டெக்சாமெதசோன் மூளைக்கட்டியைச் சுற்றிய வீக்கத்தை வற்றவைப்பது தெரியவந்தது. குஷிங் எலும்பை வெட்டித் தேடிய இடத்தை மாத்திரை உண்டாக்கித் தந்தது. கூடவே, அவர் கண்ட அந்தப் பெண்ணின் முகத்தையும் தந்தது. வெளியிலிருந்து மாத்திரை வரும்வரை அதிரீனல் சுரப்பி தூங்கிக்கிடக்கும். திடீரென்று நிறுத்தினால் அது உடனே விழிக்காது; இரத்த அழுத்தம் விழுந்து உயிரே போகலாம். அதனால்தான் வைத்தியர்கள் படிப்படியாகக் குறைக்கிறார்கள். குறையக் குறைய முகமும் மெல்லப் பழையபடி திரும்பும்.

இதையெல்லாம் அக்காவுக்குத் தொலைபேசியில் சொன்னேன். கிளினிக்கில் குறைக்கத் தொடங்கிவிட்டார்களாம். எந்தக் கிழமை எத்தனை மாத்திரை என்று மகள் கலண்டரில் சிவப்புப் பேனையால் எழுதி வைத்திருக்கிறாளாம்.