காற்றைச் சக்கரத்தில் அடைத்த மிருக வைத்தியர்

சைக்கிள் டயரில் காற்று இறங்கிவிட்டால் என்ன செய்கிறோம்? இறங்கித் தள்ளிக்கொண்டு கடைக்குப் போகிறோம். காற்று இல்லாத சைக்கிளை ஓட்டினால் உடம்பு நோகிறது. சக்கரமும் கெட்டுப் போகிறது.

ஆனால் ஒரு காலத்தில் எல்லா சைக்கிள்களும் காற்று இல்லாமல்தான் ஓடின! சக்கரத்தைச் சுற்றிக் கெட்டியான ரப்பர் பட்டை மட்டுமே இருந்தது. அந்த நிலையை மாற்றியவர் பெரிய என்ஜினீயர் அல்ல. ஆடு மாடு குதிரைகளுக்கு வைத்தியம் பார்த்தவர். அவர்தான் ஜான் பாய்டு டன்லப்.

விவசாயி மகன்

ஸ்காட்லாந்தில் டிரெகார்ன் என்ற கிராமத்தில், 1840-ம் ஆண்டு பிப்ரவரி 5-ந் தேதி டன்லப் பிறந்தார். விவசாயக் குடும்பம். எடின்பரோ நகரில் மிருக வைத்தியம் படித்துத் தேறினார். 1867-ம் ஆண்டில் அயர்லாந்துக்குக் குடியேறினார். பெல்பாஸ்ட் நகரில் அவருடைய வைத்தியத் தொழில் செழித்தது. கை நிறைய வருமானம்; ஊரில் நல்ல பெயர்.

மகனின் சைக்கிள்

டன்லப்பின் மகன் ஜானி சிறுவன். அவனிடம் ஒரு மூன்று சக்கர சைக்கிள் இருந்தது. பெல்பாஸ்ட் தெருக்களோ கருங்கல் பதித்தவை. நடுவே டிராம் தண்டவாளம் வேறு. கெட்டி ரப்பர் சக்கரம் ஒவ்வொரு கல்லிலும் ஏறி இறங்கியது. ஏறும் போதெல்லாம் வண்டியும் சிறுவனும் சேர்ந்து தூக்கிப் போடப்பட்டார்கள்.

தெருவை மாற்ற டன்லப்பால் முடியாது. சக்கரத்தை மாற்றினால் என்ன என்று யோசித்தார். அப்போது அவருக்கு வயது 47.

முற்றத்தில் சோதனை

1887-ம் ஆண்டு அக்டோபர் மாதம். வட்டமான ஒரு மரப் பலகையை எடுத்தார். மெல்லிய ரப்பர்க் குழாய் ஒன்றை அதன் விளிம்பைச் சுற்றி வைத்தார். குழாய் நழுவாதபடி துணியால் மூடி ஆணி அடித்தார். கால்பந்துக்குக் காற்றடிக்கும் பம்பினால் அதில் காற்றை ஏற்றினார்.

பிறகு மகனின் சைக்கிளில் இருந்து ஒரு சக்கரத்தைக் கழற்றினார். இரண்டையும் வீட்டு முற்றத்தில் உருட்டிவிட்டார். கெட்டி ரப்பர் சக்கரம் பாதியில் சாய்ந்து விழுந்தது. காற்றுச் சக்கரமோ முற்றத்தைக் கடந்து ஓடி, எதிரே இருந்த கதவில் மோதித் திரும்பியது!

காரணம் எளிமையானது. கெட்டிச் சக்கரம் கல்லின் மேல் ஏறித்தான் ஆகவேண்டும். அதில் வேகம் வீணாகிறது. காற்றுச் சக்கரம் கல் படும் இடத்தில் மட்டும் அமுங்கிக் கொடுக்கிறது. வண்டி மேலே தூக்கப்படுவதில்லை. அதனால் உடம்புக்கும் நோவில்லை, ஓட்டமும் குறைவதில்லை.

1888-ம் ஆண்டு பிப்ரவரி 28-ந் தேதி இரவு, ஜானியின் சைக்கிளில் காற்று டயர்கள் மாட்டப்பட்டன. சிறுவன் ஆனந்தமாக ஓட்டிச் சென்றான். அதே ஆண்டில் டன்லப் "பேட்டண்ட்" எனப்படும் காப்புரிமையும் பெற்றார்.

சிரித்தவர்கள் திகைத்தார்கள்

1889-ம் ஆண்டு மே 18-ந் தேதி பெல்பாஸ்டில் சைக்கிள் பந்தயம் நடந்தது. வில்லி ஹியூம் என்ற வீரர் காற்று டயர் பூட்டிய சைக்கிளுடன் வந்தார். பருத்த டயர்களைப் பார்த்துக் கூட்டம் சிரித்தது. பந்தயம் முடிந்தபோது சிரிப்பு நின்றுவிட்டது. கலந்துகொண்ட பந்தயங்கள் எல்லாவற்றிலும் ஹியூமே ஜெயித்தார்.

டூ குரோஸ் என்ற தொழிலதிபர் இந்த டயரின் மதிப்பை உணர்ந்தார். அவருடைய மகன்களும் சைக்கிள் பந்தய வீரர்களே. அதே ஆண்டில் டப்ளின் நகரில் டயர் கம்பெனி தொடங்கப்பட்டது. டன்லப்பும் அதில் பங்குதாரர் ஆனார்.

விழுந்தது இடி

அடுத்த ஆண்டே பெரிய இடி விழுந்தது. டன்லப்பின் காப்புரிமை செல்லாது என்று தெரியவந்தது!

ராபர்ட் தாம்சன் என்ற மற்றொரு ஸ்காட்லாந்துக்காரர், 1845-ம் ஆண்டிலேயே காற்றடைத்த சக்கரத்துக்குக் காப்புரிமை பெற்றிருந்தார். குதிரை வண்டிகளில் அதைப் பூட்டியும் காட்டினார். ஆனால் அன்று ரப்பர் விலை அதிகம், சைக்கிளும் பரவவில்லை. அவருடைய கண்டுபிடிப்பு மறக்கப்பட்டுவிட்டது. தாம்சன் 1873-ம் ஆண்டு காலமானார். அவரைப் பற்றி டன்லப் கேள்விப்பட்டதே இல்லை.

கம்பெனி மட்டும் பிழைத்துக்கொண்டது. டன்லப்பின் முதல் டயர் சக்கரத்தோடு ஒட்டப்பட்டது. பஞ்சர் ஆனால் பிரித்து எடுப்பது பெரும்பாடு. கழற்றி மாட்டும் டயர்களை வெல்ச், பார்ட்லெட் என்ற இருவர் 1890-ம் ஆண்டில் உருவாக்கினார்கள். அந்த உரிமைகளைக் கம்பெனி விலைக்கு வாங்கியது.

1896-ம் ஆண்டில் கம்பெனி 30 லட்சம் பவுனுக்கு விற்கப்பட்டது. வாங்கியவர் அதையே 50 லட்சம் பவுனுக்குக் கைமாற்றினார். ஆனால் டன்லப் அதற்கு முன்பே விலகிவிட்டார். கோடீசுவரர் ஆனவர்கள் மற்றவர்கள். டன்லப் டப்ளினில் ஜவுளி வியாபாரத்தில் ஈடுபட்டு அமைதியாக வாழ்ந்தார். 1921-ம் ஆண்டு அக்டோபர் 23-ந் தேதி, 81-வது வயதில் காலமானார்.

பணம் போனாலும் பெயர் நிலைத்தது. சென்னையை அடுத்த அம்பத்தூரிலும் டன்லப் டயர் தொழிற்சாலை பல ஆண்டுகள் நடந்தது.

மலை ஏறும் சைக்கிள்

வழிக்கு ஏற்றபடி சக்கரம் இருக்க வேண்டும் என்பதே டன்லப் காட்டிய பாதை. 1970-ம் ஆண்டுகளில் அமெரிக்காவில், கலிபோர்னியா மலைச் சரிவுகளில் இளைஞர்கள் சைக்கிள் ஓட்டத் தொடங்கினார்கள். அவர்கள் தேடியதும் பருத்த காற்று டயர்களையே. அதிலிருந்து பிறந்ததுதான் "மவுண்டன் பைக்" என்னும் மலை சைக்கிள்.

இன்று அந்த டயர்களில் பல வகை உண்டு. ஓட்டும் மண்ணையும் பருவத்தையும் பார்த்தே வாங்க வேண்டும்.

மழையில் சேறாகும் மண்ணா? உயரமான முட்கள் இடைவெளி விட்டு அமைந்த டயர் நல்லது. நெருக்கமான முட்களில் சேறு அடைத்துக்கொண்டு வழுக்கும். காய்ந்து இறுகிய தரையா? குட்டையான, நெருக்கமான முட்கள் போதும். டயர் லேசாக உருளும். ஈரப் பாறையும் மரவேரும் நிறைந்த இடமா? மிருதுவான ரப்பர் டயர் வேண்டும். அது சீக்கிரம் தேயும். ஆனால் பிடிப்புத் தரும்.

இரண்டு சக்கரங்களுக்கும் ஒரே டயர் வேண்டும் என்பதில்லை. வழியைத் திருப்புவது முன் சக்கரம். ஆகவே அதிகப் பிடிப்புள்ள டயரை முன்னால் போடுவது வழக்கம்.

காற்றையும் கவனிக்க வேண்டும். கரடுமுரடான இடத்தில் சிறிது குறைத்தால் டயர் நன்றாக அமுங்கி மண்ணைப் பற்றும். மிகவும் குறைத்தால் சக்கரத்தின் விளிம்பு கல்லில் அடிபட்டு டியூப் கிழியும். ஓட்டுகிறவரின் எடைக்கும் இதில் பங்கு உண்டு. டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் காற்று அளவைப் படித்துப் பார்த்து, அந்த வரம்புக்குள் கூட்டியும் குறைத்தும் ஓட்டிப் பார்ப்பதே சரியான வழி.